பீச்சாங்கைத் தயிர்

கங்கம்மா தன் தயிரை விற்க ஒருநாளும் கூவியதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் வாசலில் ஒரு வேப்பமரம், அதன் நிழலில் தயிர்ச் சட்டிகள், பக்கத்தில் ஒரு பானை மோர். கடை அவ்வளவுதான். புதிதாக வந்த எவனாவது, "தயிர் கெட்டியா இருக்குமா?" என்று வாயைக் கொடுத்துவிட்டால் அவள் பதில் சொல்லமாட்டாள். ஒரு சட்டியைத் தூக்கி, கேட்டவன் தலைக்கு நேர் மேலே பிடித்து, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவாள். அவன் கண்ணை இறுக்கிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவான். ஒரு சொட்டு விழாது. சுற்றி நிற்கிற கூட்டம் விசிலடிக்கும். அதற்கப்புறம் அவன் ரிட்டயர் ஆகிறவரைக்கும் கங்கம்மாவின் வாடிக்கைக்காரன்.

சுனாமிக்கு மறு வருஷம் ஆவணியில், ஆலைக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் வீரராகவன் கேட்டான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, வழித்துச் சீவிய தலை.

"தயிர் கெட்டியாம்மா?"

கூட்டம் ஆசையாக ஒதுங்கி இடம் விட்டது. கங்கம்மா சட்டியின் மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள், தூக்கினாள், கவிழ்த்தாள்.

சட்டியில் இருந்தது முழுக்க வீரராகவன் தலையில் இறங்கியது. முடி வழியாக, மீசை வழியாக, அடையாள அட்டையில் இருந்த போட்டோ வழியாக. தயிர் இல்லை, பால். நேற்று சாயங்காலம் ஊற்றிய மாதிரியே இருந்த பால்.

யாரும் விசிலடிக்கவில்லை. உலைக்களத்திலிருந்து வெந்த முகத்தோடு மோர் குடிக்க வந்தவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். எதிரே டீக்கடை வைத்திருந்த பழவேற்காட்டு முஜீப்தான் முதலில் மூச்சு விட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் பேரை வெச்சிக்கினு பாலாபிசேகம் வேணான்னா எப்டி?"

எல்லாரும் சிரித்தார்கள். பாவம், நல்ல மனுஷன், வீரராகவனும் சிரித்துவிட்டான். கங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த சட்டியை அவிழ்த்தாள், அதற்கடுத்ததையும் அவிழ்த்தாள். எல்லாவற்றிலும் பால். ஆட்டினால் தளும்புகிற, வெட்கங்கெட்ட பால். இத்தனை வருஷம் கூடவே நடந்து வந்த நிழல் திடீரென்று எழுந்து எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டிலேயே திறந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கமாட்டாள். அது அவள் வைத்த சட்டம். உறை ஊற்றித் துணி கட்டினால் ஆலை வாசலில்தான் அவிழ்க்கணும். நடுவில் திறந்தால் கண் பட்டுவிடும். இன்னும் சட்டங்கள் உண்டு. விளக்கு வைத்த பிறகு யாருக்கும் உறைமோர் கொடுக்கக்கூடாது. உறைமோரில் கரண்டி படக்கூடாது, பட்டால் செத்துவிடும். ஒரு கிண்ணத்தில் உறைமோரைப் போட்டு, கொஞ்சம் பால் விட்டு, வலதுகை ஆள்காட்டி விரலால் நசுக்கி நசுக்கிக் கரைத்து, அதைத்தான் சட்டிகளில் ஊற்றணும்.

இந்தச் சட்டங்கள்தான் அவளைத் தூக்கி நிறுத்தின. புருஷன் மஞ்சள்காமாலையில் போனபோது மகன் சரவணகுமார் அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த ஓர் எருமையை நம்பி ஆலை வாசலில் வந்து குந்தினாள். எருமைக்கு மகாராணி என்று பேர். கங்கம்மா கூழ் குடித்த நாளிலும் மகாராணிக்குப் புண்ணாக்கு தப்பியதில்லை. பையன் வளர்ந்தான், அதே ஆலையில் கிரேன் ஓட்டப் போனான். ஊரில் காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் முந்தின நாள் சாயங்காலம் கங்கம்மாவைக் கூப்பிட்டனுப்புவார்கள். "நீ வந்து விரலை வெச்சிட்டுப் போம்மே, அது போதும்" என்பார்கள். அந்த விரல் ஒரு சின்ன சாமி. ஊர் கும்பிட்டது. கங்கம்மாவும் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

அந்த ஆவணியில்தான் சரவணகுமாருக்குக் கல்யாணம். பெண் ஊத்துக்கோட்டை. பேர் ஈஸ்வரி. பத்தாவதில் கணக்கில் தோற்றவள். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறையை அமுக்கினால் அடுத்த ஸ்டாப்பிங்குக்குள் வாங்கிவிடுவாள். வந்த மறுநாளே மாமியாரிடம், "இன்னா அத்தே, எருமைக்கு மகாராணின்னு பேரு, எனக்கு மட்டும் 'ஏம்மே'வா?" என்று கேட்டாள். கங்கம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. அதைச் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் உத்தியோகம் கெட்டுப்போகும்.

கல்யாணத்துக்குச் சமைத்த அண்டாக்களைத் தேய்த்தபோது, தேங்காய் நார் ஒன்று கங்கம்மாவின் அந்த ஆள்காட்டி விரலில் நகத்துக்குள் குத்தியது. நகச்சுற்று. விரல் கத்தரிக்காய் போல வீங்கியது. எலுமிச்சம்பழத்தைத் துளைத்துச் சொருகிக்கொண்டு இரண்டு ராத்திரி முனகினாள். பழம்தான் அழுகியது. அப்போது சவுக்கு விறகு கொண்டுவந்து போடும் முத்தம்மாள், கொல்லையில் மிஞ்சிக் கிடந்த கல்யாண விறகைப் பார்த்துவிட்டு நின்றாள். ஆடியிலேயே இறக்கி மழையில் நனைந்துகிடந்த அந்தக் கட்டைகளில், சேவல் கொண்டையை அறுத்து ஒட்டிய மாதிரி, செக்கச்செவேலென்று காளான் பூத்திருந்தது. தொட்டால் செருப்புத்தோல் போல இருந்தது.

"இத்த எண்ணெ உட்டு எழைச்சிப் பத்து போடு. எங்க சனம் புண்ணுக்கு இதான் போடும். வாய்ல மட்டும் வெச்சிடாதே, சொல்ட்டேன்" என்றாள் முத்தம்மாள்.

கங்கம்மா அரைத்துப் பூசித் துணி சுற்றினாள். சீழ் நின்றது. வீக்கம் வடிந்தது. காளானை ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டு தினமும் பூசினாள். சாயங்காலம் உறை ஊற்றுகிற நேரத்தில் மட்டும் துணியை அவிழ்த்து, ஈரம் படக்கூடாதே என்று விரலை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? புண்ணுக்கு மருந்து, அவ்வளவுதானே.

வீரராகவன் நனைந்த அன்றைக்குச் சாயங்காலம் புது உறைமோர் வாங்கக் கிளம்பினாள். அடுத்த வீட்டு நாத்தனார் குப்பம்மாளிடம் போனால், "வெளக்கு வெச்சாச்சே, நீதானே சட்டம் போட்டே?" என்று கதவைச் சாத்தினாள். முஜீப் பெண்சாதி சைதாவிடமிருந்து ஈஸ்வரிதான் ஒரு டம்ளரில் வாங்கி வந்தாள். கங்கம்மா விரலால் கரைத்து ஊற்றினாள். காலையில் பால். பால் மேல் சந்தேகம் வந்து பக்கத்துத் தெருவிலிருந்து பசும்பால் வாங்கி ஊற்றினாள். அதுவும் பால். சட்டியை மாற்றினாள், அதற்குச் சாம்பிராணி போட்டாள், மகாராணிக்குச் சுத்திப் போட்டாள். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் அருணாச்சலம் வந்து எருமையின் மடியைத் தடவிப் பார்த்தார்.

"மாடு நல்லா கீது. ஊசி ஏதனா போட்டியா?"

"இல்லியே நைனா."

"கேட்டேன். மடி வீக்கத்துக்கு ஊசி போட்டா மூணு நாலு நாளைக்கு அந்தப் பால் ஒறையாது. மருந்து பால்ல எறங்கிடும். ஊசி போடலன்னா எனக்குத் தெரியல."

ஆலை வாசலில் வேப்பமர நிழல் காலியாகக் கிடந்தது. முஜீப் தன் கடைக்கு வருகிறவர்களிடம், "கங்கம்மா லீவு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் கேலி பண்ணாமல் விட்டதே கங்கம்மாவைக் கொன்றது.

குப்பம்மாள்தான் கடைசியில் அதைச் சொன்னாள். எல்லாரும் சாப்பிடுகிற நேரம் பார்த்து, ஈஸ்வரி காதில் விழுகிற மாதிரி.

"மாடு அதே மாடு. சட்டி மாத்தியாச்சி, ஒறை மாத்தியாச்சி. கங்கம்மா கை, ஊருக்கே தெரிஞ்ச கை. இந்த ஊட்டுக்குப் புச்சா வந்தது இன்னா? அவ காலு."

சரவணகுமார் தட்டில் கை வைத்தபடி அம்மாவைப் பார்த்தான். "இல்லை" என்று அம்மா சொல்வாள் என்று பார்த்தான். கங்கம்மா சொல்லவில்லை. அவள் ஒன்றும் குப்பம்மாளை நம்பிவிடவில்லை. ஆனால் வேறு எதை நம்புவது? மீதி இருப்பது அவள் விரல். அதைச் சந்தேகப்படுவது சாமியைச் சந்தேகப்படுவது மாதிரி. அந்தப் பக்கம் அவள் புத்தி திரும்பவே இல்லை.

"கொஞ்ச நாள் அம்மா ஊட்ல இருந்துட்டு வரட்டும்" என்றாள்.

கொஞ்ச நாள் என்றால் என்னவென்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கால் சரியில்லை என்று முதல் மாசத்திலேயே பிறந்த வீட்டுக்கு அனுப்பின பெண்ணைத் திரும்பக் கூட்டிவர எவனும் பஸ் ஏறினதில்லை. ஈஸ்வரி அழவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

மறுநாள் காலை. சரவணகுமார் பையோடு வாசலில் நின்றான். முகம் செத்துக் கிடந்தது. குப்பம்மாள் வழியனுப்புகிற சாக்கில் வேடிக்கை பார்க்க வந்து கீழே குந்தியிருந்தாள். ஈஸ்வரி அடுப்படியிலிருந்து ஒரு எவர்சில்வர் சொம்போடு வந்தாள்.

"பெரியம்மா, கெட்டியா இருக்குமான்னு கேளுங்க."

"இன்னாடி அது?"

"கேளுங்களேன்."

"இன்னா எழவு, கெட்டியா இருக்கு…"

குப்பம்மாள் முடிப்பதற்குள் ஈஸ்வரி சொம்பை அவள் தலைக்கு மேலே கவிழ்த்தாள். குப்பம்மாள் போட்ட கூச்சலில் மகாராணி முளைக்கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டது. ஆனால் ஒரு சொட்டு விழவில்லை. சொம்புக்குள் தயிர் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

கங்கம்மா சொம்பைப் பிடுங்கி முகர்ந்தாள். ஒரு விள்ளல் எடுத்து நாக்கில் வைத்தாள். தயிர். அவள் தயிர்.

"ஏது இது?"

"நம்ம பால்தான். நேத்து காபிக்கு எடுத்து வெச்சது. சைதாக்கா குடுத்த ஒறையில ஒரு கரண்டி, இதுவும் கெட்டுப்போச்சின்னா ஒதவட்டும்னு, நீங்க தொடறதுக்கு முன்னாடியே எடுத்து ஒளிச்சி வெச்சேன். தெனமும் அதை இத்தினூண்டு கிண்ணத்துல வளர்த்துக்கினு வந்தேன். கரண்டியாலதான் கலக்குனேன்" என்றாள் ஈஸ்வரி. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. பெரிய குற்றம் அதுதான் என்று அவளுக்கும் தெரியும்.

"கரண்டியா!" என்று குப்பம்மாள் மாரில் கை வைத்தாள். "மருந்து வெச்சிருப்பா. ஊத்துக்கோட்டைக்கு அந்தாண்ட ஆந்திரா, மந்திரிக்கிறவன் ஜாஸ்தி…"

"நீ கொஞ்சம் வாயை மூடு அண்ணி."

கங்கம்மா அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் சொம்பையும் தன் சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே எருமை. ஒரே உறை. ஒரே வீடு. அந்தப் பெண்ணின் கால் இரண்டுக்கும் ஒரே தூரத்தில்தான் இருந்தது. வேறே என்ன? அவள் மெதுவாகத் தன் வலதுகை விரலின் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். நகச்சுற்று இருந்த இடம் தெரியாமல் ஆறிப்போயிருந்தது. நகக்கண்ணில் மட்டும் காளானின் செம்மை.

மருந்து பால்ல எறங்கிடும். கம்பவுண்டர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

"அத்தே," ஈஸ்வரி தயங்கித் தயங்கிச் சொன்னாள், "அந்தக் கையில மருந்து போட்டுக்கிறீங்க இல்லே… மத்தக் கையால ஒருவாட்டி ஊத்திப் பாருங்களேன்."

"பீச்சாங்கையாலயா!" குப்பம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். "லட்சுமிடீ அது! மூதேவி வந்து குந்திக்குவா!"

சொன்னது நியாயந்தான். இடது கை எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கையால் காசு கூட வாங்கமாட்டாள் கங்கம்மா. அவள் வாசலில் நின்ற மகனைப் பார்த்தாள். அவன் பிடித்திருந்த பையைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு வாங்கின பை, இன்னும் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பாலைக் காய்ச்சி இரண்டு டம்ளரில் ஊற்றினாள். சொம்பிலிருந்து உறை எடுத்து, ஒரு கிண்ணத்தில் வலதுகை விரலால் நசுக்கினாள். இன்னொரு கிண்ணத்தில், கண்ணை மூடிக்கொண்டு, இடது கை விரலை விட்டாள். கரைத்ததைத் தனித்தனி டம்ளரில் ஊற்றி மூடி வைத்தாள்.

"பஸ்ஸு?" என்றான் சரவணகுமார்.

"சாயங்காலம் வேற பஸ்ஸே இல்லியா? குந்துடா."

வெயில் தகரக் கூரையைப் பொரித்தது. நாலு பேரும் டம்ளர்களைப் பரீட்சை ரிசல்ட் மாதிரி பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். குப்பம்மாள் தன் வீட்டுச் சோற்றைக்கூட இங்கேயே எடுத்துவந்து சாப்பிட்டாள். நாலு மணி வாக்கில் கங்கம்மா வலதுகை டம்ளரைச் சாய்த்தாள். தரையில் பால் ஓடியது. இடதுகை டம்ளரைச் சாய்த்தாள். ஓடவில்லை. இன்னும் சாய்த்தாள். கவிழ்த்தாள். உதறினாள்.

நின்றது.

கங்கம்மா தன் வலதுகையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி, மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "பையை உள்ள வெய்டா" என்றாள்.

அன்றைக்கே காளான் டப்பாவோடு அருணாச்சலத்திடம் போனாள். அவர் காளானைக் கையில் வாங்காமல் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"எனக்கு மாட்டு வைத்தியம்தாம்மா தெரியும். ஆனா ஒண்ணு. கட்டையில வர்ற காளானுக்கும் கிருமித் தொல்லை உண்டு இல்லே? அதைத் தடுக்க அதுக்குள்ளயே ஏதோ சரக்கு இருக்கும். அது ஒன் சீழ்க்கிருமியைக் கொன்னுச்சி. தயிர்க்கிருமியையும் கொன்னுடுச்சின்னு நெனைக்கிறேன். மருந்துக்கு நல்லது கெட்டது பாக்கத் தெரியாது. இனிமே கண்ட காளானையும் தடவாதே, புண்ணு வந்தா ஆஸ்பத்திரிக்குப் போ."

கங்கம்மாவுக்குப் பாதிக்கு மேல் காதில் ஏறவில்லை.

"தயிர்க்கிருமியா? தயிர்ல ஏது நைனா கிருமி?"

"கிருமிதாம்மா தயிரே! ஒறைமோர்னா வேற இன்னா? கோடிக்கணக்குல உசுரோட கீற கிருமி. அதான் பாலைத் தயிராக்குது."

அவள் ஆஸ்பத்திரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் பட்ட அதிர்ச்சியெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இத்தனை வருஷம் உலைக்களத்துப் பிள்ளைகளுக்கு வாய் நிறைய ஊற்றியது கிருமியா? ஊரே கும்பிட்ட விரல் ஒன்றும் செய்யவில்லையா? எல்லாம் செய்தது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஜந்து. விரல் சும்மா கிண்ணத்தில் சுற்றி வந்ததா? விரல் ஒரே ஒரு காரியம்தான் சொந்தமாகச் செய்திருக்கிறது. அந்த ஜந்துக்களைக் கொன்று, பழியைத் தூக்கி ஒரு பெண்ணின் காலில் போட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, கம்பவுண்டர் சொன்னதை ஈஸ்வரியிடம் ஒப்பித்துவிட்டு, டப்பாவைக் குப்பைக்குழியில் கவிழ்த்தாள். சாம்பல் போட்டு, சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சாயங்காலம் உறை ஊற்றுகிற நேரம் வந்ததும் கிண்ணத்தை ஈஸ்வரி பக்கம் நகர்த்தினாள்.

"நீ ஊத்து."

"கரண்டியாலதான் ஊத்துவேன்."

"எந்த எழவாலயோ ஊத்து."

மறுநாள் ஆலை வாசலில் சட்டிகள் இறங்கின. செய்தி பரவிக் கூட்டம் கூடிவிட்டது. வீரராகவன் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஜாக்கிரதையாக ஐந்தடி தள்ளி நின்றான். முஜீப் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வந்தார்.

"இன்னா கங்கம்மா, இன்னிக்கு யாருக்கு அபிசேகம்?"

கங்கம்மா சட்டியை அவிழ்த்தாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சட்டத்தை மட்டும் இன்னும் விடவில்லை. சட்டியைத் தூக்கினாள். வீரராகவன் இன்னும் ஓர் அடி பின்னால் போனான். அவள் அதைத் தன் தலைக்கு மேலேயே கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

விசில் சத்தம் ஆலைச் சங்கை அமுக்கிவிட்டது.

"கைன்னா கங்கம்மா கைதான்!" என்றான் ஒருவன்.

"என் கை இல்லடா. என் மருமவ கை. ஈஸ்வரின்னு பேரு. எல்லாரும் கேட்டுக்குங்க." சட்டியை இறக்கினபோது அவள் முகத்தைப் பார்க்கணுமே, பல் பிடுங்கிக்கொண்டவள் மாதிரி இருந்தது. அவ்வளவு வலி, அவ்வளவு நிம்மதி.

முஜீப் மட்டும் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார். "நெசமாவா?"

"நெசமாத்தான் பாய். என் கையி புண்ணை ஆத்திச்சி, ஊட்டைக் கெடுத்துச்சி. பேஜாரு புடிச்ச கை."

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். கங்கம்மா வீட்டுத் தயிரில் மேலே படிகிற ஆடை கடப்பாக்கல் கனத்துக்கு இருக்கும். அதை அவள் யாருக்கும் விற்றதில்லை. மகனுக்குத்தான், அதுவும் அவன் ராத்திரி ஷிப்டு முடித்து வந்தால்தான். அன்றைக்கு ஒரு சட்டியின் ஆடையை முழுசாக வழித்து ஈஸ்வரியின் சோற்றில் போட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்த வார்த்தை அவளுக்கு வராது, பழக்கமில்லை.

ஈஸ்வரி ஆடையைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"இதுல கிருமி ஜாஸ்தியா இருக்குமே அத்தே?"

"எல்லாம் நீ பெத்து வளர்த்த கிருமிதானே," என்றாள் கங்கம்மா. "துன்னு."